வாளி தூக்கியே இடுப்பு போச்சு, மீன் தொட்டியை விட்டுவிடலாமா டாக்டர்?

வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். வயது 61, ஓய்வு பெற்ற ஆசிரியை, சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுபவர். மகன் வேலை கிடைத்து பெங்களூருக்குப் போனபோது விட்டுச்சென்ற மீன் தொட்டி இப்போது இவர் பொறுப்பு. மூன்று அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். அதில் ஐந்து தங்கமீன்களும், பாசி தின்னும் ‘டேங்க் கிளீனர்’ மீன் ஒன்றும் இருந்தன. பதினைந்து நாளுக்கு ஒருமுறை மீன்களை வாளிக்கு மாற்றி, தொட்டித் தண்ணீர் முழுவதையும் மக்கால் மொண்டு கொட்டி, கல்லையும் ஸ்பாஞ்சையும் பாத்திரம் தேய்க்கிற சோப்பு போட்டுக் கழுவி, மறுபடி வாளி வாளியாக நிரப்புவது அவர் வழக்கம்.

ஜனவரியில் இடுப்பு பிடித்துக்கொண்டது. எலும்பு மருத்துவர் எடை தூக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். இரண்டு மாதம் ஒன்றும் செய்யாமல், குறைகிற தண்ணீரை மட்டும் ஊற்றி வந்திருக்கிறார். மகன் லீவில் வந்ததும் இருவருமாகச் சேர்ந்து ஒரே நாளில் தொட்டியைப் ‘பளபளவென்று’ கழுவி போர் தண்ணீர் நிரப்பினார்கள். அன்று மாலையே மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கின. இரண்டு நாளில் இரண்டு தங்கமீன்கள் செத்துவிட்டன. “சுத்தம் செய்ததற்கா இந்தத் தண்டனை?” என்று கேட்கிறார். கணவர், கோட்டை அகழியில் விட்டுவிட்டு நிம்மதியாக இரு என்கிறார். கீழே இருக்கிற வீட்டுக்காரர், தண்ணீர் வீணாகிறது, மாடித் தளம் தாங்காது என்கிறார். கடைக்காரரோ தண்ணீரே மாற்ற வேண்டாத ஒரு ஃபில்டர் இருக்கிறது, ஐந்தாயிரம் ரூபாய்தான் என்கிறார்.

அம்மா, நான் கால்நடை மருத்துவன். உங்கள் இடுப்பைப் பற்றி உங்கள் எலும்பு மருத்துவர் சொன்னதுதான் கடைசி வார்த்தை, அதற்கு மேல் நான் பேசப் போவதில்லை. மீனைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும் சொல்கிறேன். தொட்டியை விட வேண்டியதில்லை. வாளியை விட்டால் போதும்.

முதலில் ஒரு கணக்கு. உங்கள் தொட்டியின் அளவு 6.75 கன அடி. ஒரு கன அடிக்கு ஏறத்தாழ 28.3 லிட்டர். மணலும் மேலே விடுகிற இடைவெளியும் போக 160 லிட்டர் தண்ணீர் இருக்கும். அதை முழுக்க வெளியே எடுத்து முழுக்க உள்ளே ஊற்றினால், ஒரு நாளில் 320 கிலோ எடையைக் குனிந்து நிமிர்ந்து தூக்கியிருக்கிறீர்கள். மூட்டை தூக்குகிறவர்கூட அதற்குக் கூலி கேட்பார். இத்தனை நாள் இடுப்பு தாங்கியதே பெரிது.

அந்த உழைப்பில் முக்கால்வாசி தேவையே இல்லாதது. அது மட்டுமல்ல, மீனுக்குக் கெடுதலும்கூட. இதைச் சொல்லச் சங்கடமாக இருக்கிறது, ஆனால் சொல்லாமல் விட்டால் அடுத்த முறையும் இதுவே நடக்கும்.

மீன் ஏன் செத்தது

நேரில் பார்க்காமல் முடிவாகச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதிய வரிசையை வைத்துப் பார்த்தால் சந்தேகத்துக்கு அதிக இடமில்லை. மீன் தன் செவுள் வழியாகவும் கழிவு வழியாகவும் அம்மோனியாவை வெளியேற்றுகிறது. அது மீனுக்கே விஷம். தொட்டியில் வாழும் ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றுகிறது. அதுவும் விஷம்தான். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றுகிறது. நைட்ரேட்டை மீன் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். இந்த பாக்டீரியாக்கள் தண்ணீரில் மிதந்துகொண்டிருப்பதில்லை. பெரும்பாலும் ஃபில்டர் ஸ்பாஞ்சிலும், மணலிலும், கண்ணாடியில் வழவழவென்று படிந்திருக்கிறதே, அந்தப் படலத்திலும்தான் குடியிருக்கின்றன. நீங்கள் அழுக்கு என்று நினைத்துச் சோப்பு போட்டுத் தேய்த்தது அதைத்தான். தோசைக்கு உளுந்து அரைக்கும்போது பழைய மாவில் ஒரு கரண்டி விட்டுவைப்போம் இல்லையா? நீங்கள் அந்தக் கரண்டியையும் கழுவி ஊற்றிவிட்டீர்கள்.

அதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. இரண்டு மாதமாக ஆவியாகிப் போன தண்ணீருக்குப் பதில் தண்ணீர் ஊற்றி வந்தீர்கள். ஆவியாகப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே நிற்கும். மேலே ஊற்ற ஊற்ற உப்பும் நைட்ரேட்டும் ஏறிக்கொண்டே போயிருக்கும். மீன் மெல்ல மெல்ல அதற்குப் பழகியிருக்கும். அந்த மீனை ஒரே நாளில் முற்றிலும் வேறு தண்ணீரில் போட்டால் அதன் உடம்பு திணறும். ஊற்றிய தண்ணீர் நல்ல தண்ணீர்தான். திடீரென்று மாறியதுதான் வினை. ஆகவே அது தண்டனையும் அல்ல, சகுனமும் அல்ல. மகனிடமும் இதைச் சொல்லுங்கள், அவரும் மனதுக்குள் வைத்துக்கொண்டிருப்பார்.

சரி, இப்போது மிச்சம் மூன்று தங்கமீன்களும் ஒரு டேங்க் கிளீனரும். இன்று தொடங்கி இரண்டு வாரத்துக்கு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒன்றரை அங்குலத் தண்ணீரை மட்டும் எடுத்து அதே அளவு ஊற்றுங்கள். அது சுமார் 16 லிட்டர். தீவனத்தைப் பாதியாகக் குறையுங்கள். ஏர் பம்ப் இரவும் பகலும் ஓடட்டும். ஸ்பாஞ்சைத் தொடவே வேண்டாம். அதற்குள் பாக்டீரியா பெரும்பாலும் திரும்பத் தலையெடுக்கத் தொடங்கிவிடும். மீன் மறுபடி மேலே வந்து மூச்சு வாங்கினால் அன்றே கூடுதலாக ஒருமுறை மாற்றுங்கள்.

வெளியே எடுக்க

பிறகு வாரம் ஒருமுறை நான்கு அங்குலம் மாற்றினால் போதும். உங்கள் தொட்டியில் அது 40 லிட்டருக்குச் சற்று மேல், அதாவது கால் பங்கு. அதைக் கையால் எடுக்காதீர்கள்.

தொட்டி இரண்டரை அடி ஸ்டாண்டின் மேல் ஹாலில் இருக்கிறது, குளியலறை பன்னிரண்டு அடி தூரம் என்று எழுதியிருக்கிறீர்கள். இதைவிட வசதி வேண்டாம். ஹார்டுவேர் கடையில் உள்விட்டம் அரை அங்குலம் உள்ள, உள்ளே பார்க்கத் தெரிகிற பிளாஸ்டிக் டியூப் வாங்குங்கள். ஒரு முனை தொட்டியில், மறுமுனை குளியலறைத் தரையில். நீர்மட்டத்துக்கும் தரைக்கும் ஏறத்தாழ நான்கு அடி இறக்கம் இருப்பதால், ஒருமுறை ஓடத் தொடங்கினால் தண்ணீர் தானே ஓடும். நிமிடத்துக்குப் பத்து லிட்டர் அளவில் போகும். 40 லிட்டர் இறங்க நான்கைந்து நிமிடம். அந்த நேரத்தில் நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கலாம்.

ஓட்டத்தைத் தொடங்க வாயால் உறிஞ்சாதீர்கள். பலரும் செய்கிறார்கள், நானும் கல்லூரி நாட்களில் செய்திருக்கிறேன், சுவை இன்னும் மறக்கவில்லை. டியூபின் கீழ்முனையைக் குளியலறைக் குழாயில் மாட்டி மெல்லத் திறந்துவிடுங்கள். டியூப் முழுக்கத் தண்ணீர் ஏறி மேல்முனையில் எட்டிப் பார்த்ததும் குழாயை மூடிக் கழற்றித் தரையில் போட்டால், தண்ணீர் திரும்பி ஓடத் தொடங்கும். நடுவில் ரப்பர் பந்து வைத்த டியூபும் மீன் கடைகளில் கிடைக்கிறது. இரண்டு முறை அமுக்கினால் போதும்.

இதில் ஒரு சின்னத் தந்திரம் உண்டு. தொட்டிக்குள் போகும் முனையை அடிவரைக்கும் விடாமல், நீர்மட்டத்திலிருந்து சரியாக நான்கு அங்குலம் கீழே நிற்கும்படி கிளிப் போட்டுவிடுங்கள். மட்டம் அங்கே இறங்கியதும் டியூபுக்குள் காற்று புகுந்து ஓட்டம் தானாக நின்றுவிடும். மறந்து போய்த் தொட்டி காலியாவது என்ற பேச்சே இல்லை. முனையில் ஒரு வலைத்துணி கட்டுங்கள், மீன் வால் இழுபடாமல் இருக்கும். மணலுக்குள் தங்குகிற கழிவை மாதம் இருமுறை மட்டும் டியூபை அடிவரை விட்டு உறிஞ்ச விடுங்கள். அந்த நாளில் மட்டும் பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

வெளியே வரும் தண்ணீரைப் பால்கனிச் செடிகளுக்கு விடலாம். நைட்ரேட் செடிக்கு உரம்தான். கருவேப்பிலையும் மல்லிகையும் நன்றாக வரும். தொட்டியில் உப்போ மருந்தோ போட்டிருந்தால் மட்டும் விடாதீர்கள். ஸ்பாஞ்சை அலசுவதும் இந்தப் பழைய தண்ணீரில்தான், இரண்டு மூன்று முறை பிழிந்தால் போதும். சோப்பு எந்த நாளும் வேண்டாம்.

உள்ளே விட

இதற்கு இரண்டு வழி. எனக்குப் பிடித்தது டிரம் வழி. குளியலறை மூலையில் மூடியுள்ள 50 அல்லது 60 லிட்டர் டிரம் ஒன்றை நிரந்தரமாக வைத்துவிடுங்கள். முதல்நாள் மாலை டியூபாலேயே அதை நிரப்பி, ஏர் பம்பின் காற்றைக் குமிழ்களாக்கும் ஏர் ஸ்டோன் ஒன்றைப் போட்டு விடுங்கள். மாநகராட்சிக் குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரின் மீனின் செவுளை அரிக்கும், பாக்டீரியாவையும் கொல்லும். இரவெல்லாம் காற்றோட்டம் இருந்தால் சாதாரண குளோரின் பெரும்பாலும் போய்விடும். நிச்சயத்துக்கு மீன் கடையில் விற்கும் ‘ஆன்டி குளோரின்’ சொட்டைப் புட்டியில் சொன்ன அளவு விடுங்கள். மறுநாள் காலை ஒரு சிறிய நீர்மூழ்கிப் பம்பை, ஏர் கூலருக்குள் இருக்குமே அந்த மாதிரி, டிரம்மில் போட்டு டியூபைத் தொட்டியில் விட்டால் ஆயிற்று. பம்ப் வாங்கும்போது எத்தனை லிட்டர் என்று மட்டும் பார்க்காதீர்கள், பெட்டியில் ‘ஹெட்’ என்று போட்டிருப்பதைப் பாருங்கள். எவ்வளவு உயரம் தண்ணீரை ஏற்றும் என்பது அது. உங்களுக்கு இரண்டு மீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும்.

டியூபின் மேல்முனையைத் தொட்டிக்குள் ஆழமாக விட்டுவிடாதீர்கள். பம்பை நிறுத்தியதும் தண்ணீர் அதே வழியாகத் திரும்பி டிரம்முக்கு ஓடிவிடும். முனை நீர்மட்டத்துக்கு மேலேயே நிற்கட்டும்.

இரண்டாவது வழி, குழாயிலிருந்து நேராகத் தொட்டிக்கு. டிரம்முக்கும் பம்புக்கும் செலவில்லை. ஆனால் ஆன்டி குளோரினை ஊற்றுகிற 40 லிட்டருக்கு அல்ல, தொட்டியின் 160 லிட்டருக்கும் கணக்குப் பண்ணித் தண்ணீர் விடும் முன்பே போட வேண்டும். இன்னொரு ஆபத்தும் உண்டு. ஒருநாள் குழாயைத் திறந்துவிட்டு போன் பேசப் போனேன். திரும்பி வந்தபோது ஹாலில் செருப்பு மிதந்துகொண்டிருந்தது. மாடி வீட்டில் நீங்கள் அப்படிச் செய்தால் வீட்டுக்காரருடன் இருக்கிற உறவு அன்றோடு சரி. அதனால்தான் டிரம் என்கிறேன். டிரம்மில் இருப்பதற்கு மேல் ஒரு சொட்டும் தொட்டிக்கு வராது.

எந்தத் தண்ணீர்

கேன் தண்ணீர் நல்லதா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆர்.ஓ. தண்ணீரில் தாது உப்பு மிகக் குறைவு. அதை மட்டுமே விட்டால் தண்ணீரின் காரத்தன்மை நிலைக்காமல் சட்டென்று சரியும். காசும் வீண், மீனுக்கும் கஷ்டம். ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் கழிவுத் தண்ணீரைச் சிக்கனம் என்று ஊற்றவும் கூடாது, உப்பு மொத்தமும் அதில்தான் இருக்கிறது.

தங்கமீன் கொஞ்சம் கடினமான தண்ணீரை நன்றாகவே தாங்கும். ஆகவே உங்கள் போர் தண்ணீருக்குப் பயப்பட வேண்டாம். ஒரு வாரம் காவிரி, ஒரு வாரம் போர் என்று மாற்றி மாற்றி விடுவதுதான் தவறு. காவிரிக் கூட்டுக் குடிநீர் வருகிற நாளில் டிரம்மைப் பாதி நிரப்பி, மீதியைப் போர் தண்ணீரால் நிரப்புங்கள். எந்த விகிதம் என்றாலும் பரவாயில்லை, வாராவாரம் அதே விகிதம் இருக்க வேண்டும்.

இதைப் படிக்கிற ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைக்காரர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. பழைய வட ஆற்காட்டில் தோல் தொழிற்சாலைக் கழிவு நிலத்தடி நீரை என்ன செய்தது என்பது உச்ச நீதிமன்றம் வரை போன கதை. 1996ல் வந்த அந்தத் தீர்ப்பைச் சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடமாகப் படிக்கிறார்கள். அந்தப் பகுதிப் போர் தண்ணீரை டி.டி.எஸ். மீட்டர் வைத்துப் பார்க்காமல் தொட்டியில் விடாதீர்கள். அந்த மீட்டர் உப்பின் மொத்த அளவைத்தான் காட்டும், தோல் பதனிடப் பயன்படுத்தும் குரோமியம் இருக்கிறதா என்று சொல்லாது. சந்தேகம் இருந்தால் ஆர்.ஓ.வில் வடிகட்டிய தண்ணீரில் கொஞ்சம் குழாய்த் தண்ணீரைக் கலந்து விடுவது மேல்.

அப்புறம் வெயில். வேலூர் சித்திரை, வைகாசியில் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியிலிருந்து வரும் தண்ணீரில் மத்தியானத்தில் கையை வைக்க முடியாது. டிரம்மில் இரவு முழுக்க ஆறவைத்து, விடியற்காலையில் மாற்றுங்கள். சூடு ஏறினால் தண்ணீரில் கரையும் ஆக்சிஜன் குறையும், அம்மோனியாவின் விஷமும் கூடும். கோடையில் தீவனத்தைக் குறைப்பதும் ஏர் பம்பை நிறுத்தாமல் இருப்பதும் தண்ணீர் மாற்றுவதற்குச் சமம்.

உங்களுக்காகச் சில ஜாக்கிரதைகள்

தொட்டிக்குள் கை விடும் முன் அதனுடன் இணைந்த எல்லா பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள், டிரம்மில் கை விடும்போது பம்பின் பிளக்கையும். கரன்ட் கசிந்தால் தானாக விழுகிற ஈ.எல்.சி.பி. உங்கள் வீட்டில் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கேளுங்கள். இல்லையென்றால் ஃபில்டருக்குச் செலவு செய்வதைவிட அதற்குச் செலவு செய்யலாம். ஒயர் பிளக்குக்குப் போகும் முன் ஒரு வளைவாகக் கீழே தொங்கட்டும், வழிகிற தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

சர்க்கரை இருப்பதால் கையுறை போடாமல் தொட்டியில் கை விடாதீர்கள், விரலில் சின்னக் கீறல் இருந்தாலும் கூட. மீன் தொட்டித் தண்ணீரில் வாழும் ஒருவகைக் கிருமி காயத்துக்குள் புகுந்தால் வாரக்கணக்கில் ஆறாத கட்டியாகிவிடும். அப்படி ஏதாவது வந்தால் மருத்துவரிடம் மீன் தொட்டி இருக்கிறது என்பதை முதலிலேயே சொல்லுங்கள், இல்லாவிட்டால் அவர் அந்தப் பக்கமே யோசிக்க மாட்டார். தரையில் தண்ணீர் சிந்தினால் உடனே துடையுங்கள். இடுப்புப் பிடிப்பு சரியாகிவிடும், வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் அது வேறு கதை.

கணவர், வீட்டுக்காரர், கடைக்காரர்

கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை. நல்ல ஃபில்டர் அம்மோனியாவை நைட்ரேட்டாக்கும். அந்த நைட்ரேட் தொட்டியிலேயேதான் கிடக்கும். அதை வெளியேற்ற தண்ணீரை மாற்ற வேண்டும், அல்லது செடி தின்ன வேண்டும். ஐந்தாயிரத்துக்குப் பதில் ஒரு மணி பிளான்ட் கொடியை வேர் மட்டும் தண்ணீரில் நனையும்படி தொட்டி விளிம்பில் கட்டிவிடுங்கள். இலை வெளியே இருக்கட்டும், தங்கமீன் எட்டினால் கடிக்கும். கொடி வளர வளர தண்ணீர் மாற்றும் வேலை கொஞ்சம் குறையும், நின்றுவிடாது.

டேங்க் கிளீனர் தொட்டியைக் கழுவுகிறது என்று நம்பாதீர்கள். கொஞ்சம் பாசியைத் தின்னும், அதைவிட அதிகமாகக் கழியும், ஓர் அடிக்கு மேல் வளரும். அதைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். செத்த இரண்டுக்குப் பதில் புதிது வாங்காதீர்கள். 160 லிட்டருக்கு மூன்று தங்கமீன் போதும். தங்கமீன் பத்து வருஷத்துக்கு மேல் வாழக்கூடியது, இன்னும் வளரும்.

உங்கள் கணவர் உங்கள் வலியைப் பார்த்துத்தான் சொல்கிறார், அவர்மேல் கோபம் வேண்டாம். ஆனால் அகழி வேண்டாம். கோட்டையும் அகழியும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. கண்ணாடித் தொட்டியில் தீவனம் தின்று வளர்ந்த தங்கமீன் அங்கே கொக்குக்கு இரையாகும். டேங்க் கிளீனரோ பிழைத்து, பெருகி, நம் நாட்டு மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். தமிழ்நாட்டின் பல ஏரிகளில் ஏற்கெனவே அப்படித்தான் ஆகியிருக்கிறது. வைத்துக்கொள்ள முடியவில்லை என்றால் கடைக்குக் கொடுங்கள், அல்லது மீன் வளர்க்கத் தெரிந்த ஒருவருக்குத் தொட்டியோடு கொடுங்கள்.

வீட்டுக்காரரிடம் இரண்டு எண்களைச் சொல்லுங்கள். வாரத்துக்கு 40 லிட்டர் என்பது கழிப்பறை ஃபிளஷை ஐந்தாறு முறை அழுத்துவதற்குச் சமம், அதுவும் செடிக்குப் போகிறது. தொட்டி, தண்ணீர், மணல், ஸ்டாண்டு எல்லாம் சேர்த்து 250 கிலோ அளவில் இருக்கும், நாலு பேர் சோபாவில் உட்காருகிற எடை. ஆனால் சோபாவில் உட்கார்ந்தவர்கள் எழுந்து போய்விடுவார்கள், இது நகராது. அதனால் அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. தொட்டி ஹாலின் நடுவில் இருந்தால் மகன் அடுத்த முறை வரும்போது காலி செய்து சுவரோரம் மாற்றி வையுங்கள். அப்போதும் மணலையும் ஸ்பாஞ்சையும் பழைய தண்ணீரிலேயே ஊறவைத்திருங்கள். பால்கனிக்கு மட்டும் கொண்டுபோகாதீர்கள்.

இப்போதைக்கு டியூபும் டிரம்மும் வாங்கினால் போதும், பம்ப் அடுத்த மாதம் வாங்கிக்கொள்ளலாம். அதுவரை அந்த 16 லிட்டரை ஒரே வாளியாகத் தூக்காமல், கணவரை அல்லது பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டு மூன்று நான்கு தவணையாக ஊற்றச் சொல்லுங்கள். டியூப் வாங்கப் போகும் முன் தொட்டி விளிம்பிலிருந்து சுவரோரமாக வளைந்து குளியலறைத் தரை வரை ஒரு நூலைப் பிடித்து அளந்து, அதற்கு மேல் மூன்று அடி சேர்த்து வாங்குங்கள். நேர்கோட்டில் அளந்துவிட்டு நான் ஒரே மாலையில் இரண்டு முறை கடைக்கு நடந்திருக்கிறேன்.